பாலத்து வளைவில் கேட்ட பாட்டு

பத்திரிகைக்காரர்கள் இன்னும் வருவதை நிறுத்தவில்லை. டர்பன் நகரத்திலிருந்து வருகிறார்கள், ஜோபர்க் என்று நாங்கள் சொல்கிற ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறார்கள், போன மாதம் தலைமுடியைப் பச்சையாக்கிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் கடல் தாண்டி வந்தாள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். புகழின் உச்சியில் இருந்தபோது டிஜே வெலா ஏன் நிறுத்தினான்? வெலா அவர்களை உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுப்பான். "நிறுத்தணும்னு தோணிச்சு, நிறுத்திட்டேன்" என்பான். அத்தோடு சரி. அவர்கள் நேரே டாக்சி நிலையத்துக்கு வந்து என் கடை முன்னால் நிற்பார்கள். மாம்பாத்தாவைக் கேட்டால் எல்லாம் சொல்வாள் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். எனக்குத் தெரியும்தான். ஆனால் அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போது கேட்டால் எப்படிச் சொல்வது? கேட்கிற மகராசர்கள் ரெண்டு அமக்வின்யா வாங்கித் தின்னவாவது வேண்டாமா? நான் காலையிலிருந்து மாவு பிசைந்து பொரித்து அடுக்கி வைத்திருப்பது வேடிக்கை பார்க்கவா?

இன்றைக்கு அடுப்பு அணைந்துவிட்டது. சொல்கிறேன்.

வெலாபி ஷோசி டர்பனை ஒட்டிய இந்த உம்லாசியில் எங்கள் தெருவில்தான் பிறந்தான். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, அவ்வளவுதான். அவன் அம்மா மாஸோண்டி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். அப்பன் சுரங்க வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. செத்தானா இன்னொருத்தியோடு இருக்கிறானா என்று கேட்கக் கூடாது, மாஸோண்டிக்குப் பிடிக்காது. மூத்தவன் துமிசானி. அவன்தான் தம்பியைத் தூக்கி வளர்த்தான். அந்தக் குழந்தை வெலாபி இருக்கிறானே, கையில் எது கிடைத்தாலும் தட்டுவான். மண்ணெண்ணெய் டின், கதவு, என் வாளி, என் முதுகு எல்லாம் அவனுக்கு ஒன்றுதான்.

பையன் பெரியவனானதும் துமிசானி டாக்சி ஓட்டப் போனான். பதினைந்து பேர் ஏறுகிற அந்த வெள்ளை வேன்தான், எங்களுக்கு டாக்சி என்றால் அது. டவுனில் ஏதோ அலுவலகத்தை மூடினார்கள் என்று அங்கிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். பின்கட்டு அறையில் அதை வைத்துக்கொண்டு வெலாபி ஆரம்பித்தான் பாருங்கள்! அந்த இசைக்குப் பெயர் நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டும். எழுதினால் 'கோம்' என்றுதான் வரும். பாட்டு என்று சொல்கிறார்கள், அதில் பாடுகிறவனே கிடையாது. இருட்டு அறைக்குள் அடைபட்டவன் கதவை இடிக்கிற மாதிரி ஒரு சத்தம், இடிக்கிறான், நிறுத்துகிறான், மறுபடி இடிக்கிறான். என் அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடும்.

"வெலாபி! என் வீட்டுக் கூரை இறங்குச்சுன்னா நீதான்டா கட்டித் தரணும்!" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன்.

"தகரம் ஆடறது கேக்குதாம்மா? நல்லாருக்கு, அதையும் பதிவு பண்ணிக்கறேன்" என்பான் அந்தத் திமிர் பிடித்தவன்.

ரேடியோக்காரன் எவனும் அவன் பாட்டைத் தொடவில்லை. துமிசானி தொட்டான். டாக்சியின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய ஸ்பீக்கரை மாட்டி, தம்பி செய்ததை எல்லாம் உம்லாசிக்கும் டவுனுக்கும் நடுவே போட்டுக்கொண்டே ஓட்டினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலியாக வருகிற டாக்சிகளை எல்லாம் விட்டுவிட்டு அவனுக்காகக் காத்து நிற்கும். துமிசானி சும்மா ஓட்டவில்லை. கண்ணாடியில் ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பான். மாலையில் என் கடைக்கு வந்து அண்ணனும் தம்பியும் ஈரல் வைத்த அமக்வின்யாவைத் தின்றுகொண்டே பேசுவார்கள்.

"ரெண்டாவது பாட்டுல அந்த பாஸ் இடி சீக்கிரம் வந்துருதுடா. இன்னும் கொஞ்சம் ஏங்க விடு. பின்சீட்டுக் கிழவி தலையாட்ட ஆரம்பிச்சா, அதுக்குள்ள நீ கொட்டிட்டே" என்பான் துமிசானி.

"கிழவிக்கா பாட்டுப் போடறேன்?"

"கிழவி ஆடினா ஊரே ஆடும். போய் மாத்து."

அவன் சொன்னபடி மாற்றுவான். மாற்றினால் ஊரே ஆடும். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பாட்டில் பாதி துமிசானியுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறைச்சி சுடும் கடைகளில் வெலாபியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டிஜே வெலா என்று பெயர் வந்தது. அவனுக்கு ஒரு வியாதி உண்டு. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உண்டாம். தெரியாத பாட்டு ஒன்று காதில் விழுந்துவிட்டால் பொறுக்க மாட்டான். சாப்பிடுகிற கையோடு எழுந்து ஓடி, "யாரு பாட்டு இது? எங்கே கெடச்சது?" என்று கேட்டே தீருவான். ஒரு தடவை சவ ஊர்வலத்தில் போகிற காரை நிறுத்திக் கேட்டிருக்கிறான், கேடுகெட்டவன்.

ஒரு மழை நாள் மத்தியானம் துமிசானி செத்தான். டவுனிலிருந்து திரும்புகையில் கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. பிரேக் பிடிக்காத லாரி ஒன்று எதிரே வந்தது. வண்டியில் இருந்த சிலர் அடிபட்டுப் பிழைத்தார்கள். துமிசானி பிழைக்கவில்லை. ஜனங்கள் கரையில் இறங்கி ஓடியபோது வேன் பாதி தண்ணீரில் கிடந்தது. எஞ்சின் நின்றுபோயிருந்தது. பாட்டு மட்டும் நிற்கவில்லை, தண்ணீருக்குள்ளிருந்து இடித்துக்கொண்டே இருந்தது. முதலில் இறங்கிய ஸ்பன்னர் என்கிற டாக்சிக்காரன், உள்ளே யாரோ உயிரோடு கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை உடைத்தான். கை கிழிந்ததுதான் மிச்சம்.

எங்களில் ஒருவன் வீட்டுக்கு வெளியே செத்தால் உடம்பைக் கொண்டுவந்தால் போதாது, அவனையும் கொண்டுவர வேண்டும். செத்த இடத்துக்கு வீட்டு ஆள் ஒருவர் காட்டிலந்தைக் கிளையோடு போக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்தவன் கிளையில் ஏறிக்கொள்வான். அதற்குப் பிறகு கிளை பிடித்தவர் வீடு சேரும்வரை உயிரோடு இருக்கிற எவரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. செத்தவனிடம் மட்டும் பேசலாம், பேசவும் வேண்டும். பாலம் வருகிறது, ஏறப்போகிறோம், இறங்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் அவன் தவறிவிடுவான். டாக்சியில் அவனுக்கும் ஒரு சீட்டு. வேறொருவரிடம் ஒரு சொல் பேசினாலும் போச்சு, அந்த இடத்திலேயே இறங்கிவிடுவான்.

கிளையை வெலாபி பிடிக்கட்டும் என்று அவர்களுடைய சித்தப்பா கேத்தா சொன்னார். "உன் குரலுக்குத்தான் அவன் வருவான்" என்றார். வழியில் மற்றவர்களிடம் பேச வேண்டியதைப் பேச அவரும் கூடப் போனார். ஸ்பன்னர் வண்டி எடுத்தான். அடக்கம் முடியும்வரை எங்கள் நிலையத்து டாக்சிகளில் பாட்டு கிடையாது என்று டிரைவர்கள் முடிவு பண்ணியிருந்தார்கள். ஸ்பன்னர் ஒரு படி மேலே போய் ஸ்பீக்கரையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் என் கடைக்கு வந்தான்.

"மாம்பாத்தா, அவன் பேசிட்டான்."

"யாருடா?"

"வெலாபிதான். வளைவுல அண்ணனைக் கூப்பிட்டான், கிளையோட ஒழுங்கா வண்டியில ஏறினான். வண்டி கெளம்பி பாலத்துமேல வந்தோம். திடீர்னு என் தோளைத் தட்டி, 'ஸ்பன்னர், யாரு பாட்டு இது? எங்கே கெடச்சது?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"பாட்டா? வண்டியில ஸ்பீக்கரே இல்லியேம்மா! அதைத்தான் சொன்னேன். அவன் கையில இருந்த கிளையைப் பாத்தான். அப்புறம் அழுதான்."

நேரே போய்க் கேத்தாவைப் பிடித்தேன். முற்றத்தில் கூடாரம் போட்டாயிற்று, மாட்டை அறுத்தாயிற்று, சபைக்காரர்கள் வெள்ளை அங்கியோடு வந்து உட்கார்ந்தாயிற்று.

"திரும்பிப் போங்க. பையன் பாலத்துல நிக்கறான்" என்றேன்.

"மெதுவாப் பேசு, மாம்பாத்தா. விடிஞ்சா அடக்கம். ஒரு வார்த்தைதானே? அவனுக்குத் தம்பியோட பழக்கம் தெரியாதா? பொறுத்துக்குவான்."

"செத்தவங்க பொறுத்துக்குவாங்கன்னு உங்ககிட்ட வந்து சொன்னாங்களாக்கும்!"

அவர் என்னை முறைத்துவிட்டு மாட்டுத்தலைப் பங்கைப் பார்க்கப் போய்விட்டார். கிளையைக் கொண்டுபோய்ப் பின்னறையில் முன்னோர்கள் இருக்கும் மூலையில் வைத்தார்கள். மறுநாள் புதைத்தார்கள். வெலாபியைத் தனியாக இழுத்து, "துக்கம் முடிஞ்சதும் மறுபடி போயிட்டு வா" என்று சொன்னேன். "போறேம்மா, கண்டிப்பாப் போறேன்" என்றான். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பாட்டு வந்தது.

அந்தப் பாட்டை முதலில் கேட்ட ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். சுள்ளென்று வெயில். இறைச்சிப் புகை. நான் கடைக்காரிக்கு உதவியாகப் பீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெலாபி அந்தப் பாட்டைப் போட்டதும் கூட்டம் அடங்கிப்போனது. ஒரு இடி, பிறகு நீளமாக ஒன்றுமில்லை, பிறகு எங்கோ ஆழத்தில் இன்னொரு இடி. ஆட ஆரம்பித்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். பாட்டு முடிந்தபோது எவரும் கை தட்டவில்லை, திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். "யாரு என் முதுகுல தட்டினது?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

அந்தப் பாட்டுதான் அவனை நாடு முழுக்கக் கொண்டுபோனது. எந்த ரேடியோக்காரன் தொட மாட்டேன் என்றானோ அவனே வந்து கும்பிட்டான். அதன் பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று, எல்லாம் அதே மாதிரி. ஐரோப்பாவுக்கெல்லாம் கூப்பிட்டார்கள், போய் வந்தான். அம்மா வீட்டுக்குச் சுற்றுச்சுவர் வந்தது, புதுக் கூரை வந்தது, சுவர் அகலத்துக்கு டிவி வந்தது. மாஸோண்டி அந்த டிவியைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை ஏறி ஒரு கால் புண்ணாகியிருந்தது. வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

"மாம்பாத்தா, என் பெரியவன் இன்னும் வீட்டுக்கு வரலை" என்றாள் ஒருநாள்.

யாரும் அவளிடம் சொல்லவில்லை. கனவில் தெரிந்துகொண்டாள். துமிசானி ரோட்டோரம் நிற்கிறானாம். காலெல்லாம் ஈரம். வீட்டுப் பக்கம் போகிற டாக்சியை நிறுத்த விரலைக் கீழே காட்டிக்கொண்டு நிற்கிறானாம். வருகிற வண்டி எதுவும் நிற்கவில்லையாம். "அவன் டிரைவருடி. அவனுக்கே ஒருத்தனும் நிறுத்தலை" என்று சொல்லி விம்மினாள். தினமும் இதே கனவு. வெலாபியிடம் கேட்டால், "அடுத்த வாரம்மா, ஜோபர்க் போயிட்டு வந்ததும் போறேன்" என்பானாம். பெற்ற வயிறு, நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எனக்கோ வயிறு எரிந்தது. ஆனால் ஸ்பன்னர் வந்து அந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லும்வரை எனக்கு முழுசாக விளங்கவில்லை. புதுக் கார் வாசலில் நிற்க, வெலாபி ஊரில் இருக்கிற நாளெல்லாம் டாக்சியில் ஏறுகிறானாம். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்சீட்டு ஓரத்தில் உட்காருவானாம். டவுனுக்குப் போவான், உடனே அதே வண்டியில் திரும்புவான், மறுபடி போவான். "வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கறான். பாலம் தாண்டினதும் முழங்கால்ல தட்டிப் பாத்துக்கறான், மறந்துரக் கூடாதுன்னு பாடம் பண்ற மாதிரி. எனக்குப் பயமாயிருக்கு. அவன் பக்கத்து சீட்டுல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க, ஈரமா இருக்குதாம்" என்றான் ஸ்பன்னர்.

அடுத்த தடவை நிலையத்தில் இறங்கியவனைச் சட்டையைப் பிடித்து என் பெஞ்சில் உட்கார வைத்தேன். டிஜேயாவது ஒன்றாவது, நான் அவன் மூக்கைத் துடைத்துவிட்டவள்.

"உண்மையைச் சொல்லு. அங்கே என்ன கேக்குது உனக்கு?"

என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அவன் வாசிக்கறான்ம்மா. ஒவ்வொரு தடவையும் புதுசு. நான் ஒண்ணையும் செய்யறதில்ல, வந்து கம்ப்யூட்டர்ல அப்படியே போட்டு வெக்கறேன், அவ்வளவுதான். இந்த ஊர்லயே இப்படி ஒண்ணை ஒருத்தனும் கேட்டதில்ல."

"கூட்டிட்டு வாடா அவனை."

"கூட்டிட்டு வந்துட்டா நின்னுருமே."

"நிக்கட்டுமே! அவன் என்ன உன் ஸ்பீக்கரா, ரோட்டுல மாட்டி வெக்க?"

"உங்களுக்குப் புரியாதும்மா. உயிரோட இருந்தப்பவும் அவன்தான் திருத்திக் கொடுத்தான். இப்பவும் அதைத்தான் பண்றான். அவனுக்கும் அதுல சந்தோஷம்தான்."

"சந்தோஷமா இருக்கறவன்தான் ராத்திரிக்கு ராத்திரி பெத்தவ கனவுல ஈரக் காலோட வந்து நிக்கறானா? உன் அம்மா கால் அழுகிட்டு வருது வெலாபி. பெரியவன் வீட்டுக்கு வந்துட்டான்னு தெரிஞ்சாத்தான் அவ கண்ணை மூடுவா. நீ அவன் முதுகுல ஏறி உக்காந்து ஊர் ஊரா ஆட்டம் காட்டறே. தூ!"

எழுந்து போய்விட்டான். நான் பேசியது அதிகமோ என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது. இல்லை, அதிகமில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவன் வேறு ஏதோ ஊரில் இருந்தபோது மாஸோண்டி தானே கிளம்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. புண் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, தோட்டத்துக் காட்டிலந்தை மரத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, டாக்சி ஏறி வளைவில் இறங்கியிருக்கிறாள். கொளுத்துகிற வெயிலில் லாரிகளுக்கு நடுவே நின்று மகனைக் கூப்பிட்டிருக்கிறாள். ஸ்பன்னர்தான் பார்த்து வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்தான். நான் அவளைக் கட்டிலில் படுக்கவைத்தேன். கையெல்லாம் முள் கிழித்த ரத்தம்.

"வந்தானா?" என்று கேட்டேன்.

"பக்கத்துல வந்தான். மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. 'ஏறிக்கடா ராசா'ன்னேன்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "'வெலா இன்னும் வண்டியை விட்டு எறங்கச் சொல்லலைம்மா, எப்படி வர்றது'ன்னு கேட்டான்."

அந்த வார்த்தையை ஃபோனில் வெலாபியிடம் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "அம்மாகிட்ட நான் வர்றேன்னு சொல்லுங்க" என்றான். அன்று ஏதோ பெரிய மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் அவனுக்காகக் காத்திருந்தார்களாம். விட்டுவிட்டு வந்தான். அதற்கப்புறம் அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை.

சனிக்கிழமை காலையில் போனோம். ஸ்பன்னர் ஓட்டினான், கேத்தா முன்னால், நான் பின்னால். இந்தத் தடவை நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறியிருந்தேன். வெலாபி வளைவில் இறங்கி, கால்வாயைப் பார்த்து நின்று, கிளையை நீட்டினான்.

"அண்ணே. துமிசானி. நான் வெலா. வேலை முடிஞ்சுது. எறங்கு. வீட்டுக்குப் போலாம்."

காற்று இல்லை. கிளையில் இலைகள் மட்டும் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தன, சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தால் தாழுமே, அந்த அளவுக்கு. அவன் திரும்பி வண்டியில் ஏறி, கிளையைப் பக்கத்து சீட்டில் சாய்த்துவைத்தான். சிறிது நேரத்தில் அந்த சீட்டின் துணி கறுத்து ஈரமாவதை என் கண்ணால் பார்த்தேன். கேத்தா கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, பாலம் வருது" என்றான் வெலாபி. பாலத்தின்மேல் ஏறியதும் அவன் முகம் மாறியது. அவனுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. கால் தானாகத் தாளம் போட்டது, வாய் திறந்தது. அது எப்படிப்பட்ட பாட்டாக இருந்திருக்குமோ, கன்னத்தில் கண்ணீர் வழிந்தோடுகிறது, யாரிடமாவது சொல்லிவிட மாட்டோமா என்று உதடு துடிக்கிறது. முள்ளோடு சேர்த்துக் கிளையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "பாலம் தாண்டிட்டோம் அண்ணே" என்றான்.

அதோடு விட்டதா? ஊருக்குள் நுழைகிற சிக்னலில் வண்டி நின்றது. நாலைந்து பெண்பிள்ளைகள் அவனை அடையாளம் கண்டுகொண்டன. "டிஜே வெலா! ஐயோ, வெலாடி!" என்று கண்ணாடியில் தட்டித் தீர்த்தன. கேத்தா, "கிளையோட போறோம், தள்ளுங்கம்மா" என்று கும்பிட்டார். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழுகிறது! "பெரிய ஆளாயிட்டான், பேச மாட்டானாம்! ஓசியில உன் பாட்டைப் பரப்பினது நாங்கதான்டா!" என்று ஒருத்தி திட்டினாள். பக்கத்தில் நின்ற டாக்சியில் அவனுடைய பாட்டே அலறிக்கொண்டிருந்தது. வெலாபி திரும்பவே இல்லை. "அண்ணே, அது பழசு, அதைக் கேட்டு எறங்கிராதே. எங்கூட இரு. இன்னும் ரெண்டு தெருதான்" என்று கிளையிடம் சொன்னான்.

வாசலில் மாஸோண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வந்துட்டானா?" என்று கேட்டாள். வெலாபி அவளுக்குப் பதில் சொல்லக் கூடாது. பெற்றவளைத் தாண்டிக்கொண்டு நடந்தான். "அண்ணே, இது நம்ம வாசல். அம்மா நிக்கறா பாரு. எளைச்சுட்டா. இது முற்றம். குனிஞ்சு வா, நெலவாசல் தாழ்வு" என்று சொல்லிக்கொண்டே பின்னறைக்குள் போனான். மூலையில் கிளையை வைத்தான். அங்கே வைத்திருந்த சட்டியிலிருந்து கொஞ்சம் பீரைத் தரையில் ஊற்றினான். முழங்காலில் உட்கார்ந்து, "வந்துட்டே அண்ணே" என்றான்.

இனி யாரிடமும் பேசலாம். தெருவில் ஒரு நாய் குரைத்து நின்றது. அப்புறம் என் உள்ளங்காலில் அது தெரிந்தது. தரை இடித்தது. ஒரு இடி, பிறகு நீளமாக ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று. பீர்ச் சட்டியில் நுரை வட்டம் வட்டமாக விரிந்தது. சுவருக்குள்ளிருந்து, கூரைக்குள்ளிருந்து, வீடு முழுக்க நிறைந்துகொண்டு வந்தது. ஆனால் இந்தத் தடவை பயமாக இல்லை. எங்கள் கேத்தா, ஆயுளில் ஆடாத அந்த மனுஷன், தலையாட்ட ஆரம்பித்தார். ஸ்பன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பின்னாலேயே வந்த மாஸோண்டி அங்கே கிடந்த கட்டிலில் சாய்ந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

"துமிசானி, கொஞ்சம் மெதுவா வைடா. காது அடைக்குது" என்று மூலையைப் பார்த்துச் சொன்னாள். கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

வெலாபி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"என்ன? என்ன கேக்குது எல்லாருக்கும்?"

முதலில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் எழுந்து சுவரில் காதை வைத்தான். இன்னொரு சுவருக்குப் போனான். தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தான். பக்கத்திலேயே சட்டியில் பீர் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தபோது முகத்தில் மண் ஒட்டியிருந்தது.

"எனக்குக் கேக்கலைம்மா" என்றான். "புதுசா? பாஸ் எங்கே வருது? அதையாவது சொல்லுங்கம்மா."

எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வாயில் சொல்ல வராது. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்டபடியே அவன் முதுகில் கையால் தட்டிக் காட்டினேன்.